வெறுங்கை முழம்

அமாகசாகி ரயில் நிலையத்துக்குப் பின்னால்,
மீன் பொரிக்கும் எண்ணெய் வாடை
படியேறி வரும் கட்டடத்தில் இரண்டாம் மாடி.
நோட்டுக்குச் சில்லறை தருவது என் வேலை.
சாம்பல் கிண்ணங்களைக் கொட்டுவது,
பொத்தான் இறுகினால் திருப்புளியோடு ஓடுவது,
பதினொன்றே முக்காலுக்கு
மின்சாரத்தை அணைப்பது.

வாள் சண்டை எந்திரங்கள் இரண்டும்
முதுகோடு முதுகாக நிற்கின்றன.
இந்தப் பக்கம் உட்கார்ந்தவருக்கு
அந்தப் பக்கத்து முகம் தெரியாது.
இருமல் கேட்கும்.
நூறு யென் விழும் ஓசை கேட்கும்.
மற்றபடி
திரையில் வருகிற சாமுராய்தான் முகம்.

இரண்டு முகத்தையும் பார்க்கிறவன் நான் ஒருவனே.

செவ்வாய்தோறும் பத்து மணிக்கு
இந்தப் பக்கம் கிரிஹாரா அம்மாள்.
பல் மருத்துவமனைச் சீருடையை
மேலங்கி முழுதாக மறைக்காது.
கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார்.
அவர் எடுப்பது எப்போதும் அந்த ஒற்றைக்கண் கிழவனை.
நீண்ட வாள், மந்த நடை,
வேறு யாரும் சீண்டாத ஆள்.

அந்தப் பக்கம் ஒகுனோ.
மீன் சந்தைக்குப் பனிக்கட்டி லாரி ஓட்டுகிறவன்,
வயது இருபதைத் தாண்டாது,
விரல் நுனியெல்லாம் வெடிப்பு.
அவனுக்குச் சங்கிலியில் அரிவாள் சுழற்றும் பெண்.

இன்னார் இவர் என்று சொல்லிவிட
எனக்கு நாக்கு துறுதுறுக்கும்.
சொன்னால் செவ்வாய்க்கிழமை செத்துவிடும்.

பக்கத்து எந்திரங்களில் அடி மழையாகக் கொட்டும்.
இதில் ஒரே வெட்டுக்குப் பாதி உயிர்.
ஆகவே நிற்பார்கள்.
ஓர் அடி முன்னே, அரை அடி பின்னே,
மறுபடி நிற்பார்கள்.
வேடிக்கை பார்க்க வந்த பள்ளிப் பையன்கள்
கொட்டாவி விட்டு
கார்ப் பந்தயத்துக்குப் போய்விடுவார்கள்.

டிசம்பரில் ஒரு செவ்வாய்.
திரையிலும் பனி.
வாளும் சங்கிலியும் பின்னிக்கொண்டன.
இரு பக்கமும் பொத்தான்கள் படபடவென்று பொரிந்தன,
கிழவனின் வாள் எகிறிப் போய்ப்
பனியில் குத்திட்டு நின்றது.

ஒகுனோ முடித்திருக்கலாம்.
திரையின் ஓரம்வரை பின்வாங்கினான்.
எடுத்துக்கொள், காத்திருக்கிறேன் என்பதுபோல.

கிழவன் நடந்தான்.
வாளருகே வந்தான்.
வாளைத் தாண்டி வந்தான்.

அடேயப்பா, அந்தம்மாளின் முகத்தை
அப்போது பார்த்திருக்க வேண்டும்.
நோயாளியிடம் வாயைத் திறக்கச் சொல்கிற முகம்.

பையனுக்கு ரோஷம் வந்துவிட்டது.
முழு வலுவோடு இறங்கியது அரிவாள்.
கிழவனின் இரண்டு உள்ளங்கைகள் அதை நடுவானில் பிடித்தன,
ஒரு முறுக்கு,
அரிவாளும் போய் விழுந்தது
எங்கோ பனிக்குள்.
வெறுங்கை முழம் போடுமா என்பார்கள்.
போட்டது.

அப்புறம் இருவரும் அசையவே இல்லை.
இருபத்தொன்று. பதினான்கு. ஆறு.
துடைப்பத்தைப் பிடித்தபடி நானும் அசையவில்லை.
பூஜ்யம்.
உயிர்க்கோடுகள் ஒரே நீளம்.
எந்திரம் இருவரையும் தோற்றவர்கள் என்றது.

நாணயம் கேட்டு எண்ணத் தொடங்கியது.
நாணயம் விழவில்லை.
அங்கே நாற்காலி இழுபட்டது, இங்கே ஓர் இருமல்.
அம்மாள் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு லிப்டில் இறங்கினார்.
அவன் படியில் இறங்கினான்.

வென்றவர் பட்டியலில் இருவர் பெயரும்
மும்மூன்று எழுத்தில் மினுக்கிக்கொண்டிருந்தன.
மின்சாரம் போனால் அழிந்துவிடும், தினமும் அழிவதுதான்.
அன்று பன்னிரண்டு வரை விட்டுவைத்தேன்.
முதலாளி சுகிதானி கேட்டபோது
பியூஸ் தகராறு என்றேன்.

சாம்பல் கொட்ட ஜன்னலைத் திறந்தேன்.
கீழே சிக்னலில் இருவரும்
பக்கத்தில் பக்கத்தில்.
கைகள் பைக்குள்.
நடுவே ஒரு வாள் நீளம் இடைவெளி.

பச்சை விழுந்தது.
யாரும் முதல் அடி எடுத்து வைக்கவில்லை.

ஒரு டாக்ஸிக்காரன்
ஹாரனை அழுத்தினான்.